இரண்டு கைகளால் நீட்டிய கோப்பை

சினிமாக் கொட்டகையின் நாற்றமே நூர்முகம்மதுவுக்கு ஆகாது. காறிய எண்ணெயில் பொரித்த பாப்கார்ன், என்றோ எவனோ சிந்திய கூல்டிரிங்க்கின் பிசுக்கு, ஏசிக்குள் சுற்றிச் சுற்றி வரும் வியர்வை எல்லாம் சேர்ந்த நாற்றம் அது. கடலூர் செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் சட்டை கசங்காமல் வந்தவர், இங்கே நாற்காலியின் கைப்பிடியில் முழங்கை பட்டுவிடாதபடி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

அவர் படம் பார்க்க வரவில்லை. மகன் அசாருதீன் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்க வந்திருந்தார்.

போன வாரம் மகள் ஷாசியா செல்போனில் ஒரு பேட்டியை அனுப்பியிருந்தாள். ஆசிய சினிமாச் செய்திகளைச் சொல்லும் ஏதோ ஒரு சேனல். புதுப் படம் ஒன்றில் சீன வில்லனாக நடித்த கடலூர்க்காரர் என்று அசாருதீனை உட்காரவைத்து, சிந்துஜா என்ற பெண் கேட்டாள்: “அசல் சைனாக்காரர் மாதிரியே இருக்கீங்களே, எப்படி சார்?”

“நெறைய சைனீஸ் படம், கொரியன் படம் பாத்தேன் மேடம். எல்லாம் ஹோம்வொர்க்தான்” என்றான் அவன், கூச்சமே இல்லாமல்.

நூர்முகம்மது போனைக் கவிழ்த்து வைத்தார். எந்தப் படத்தைப் பார்த்து வாங்கினான் அந்த முகத்தை? அந்தக் கண்ணும், கன்ன எலும்பும், சிரித்தால் மூடிக்கொள்ளும் இமையும் மலிகா பெற்றுக் கொடுத்தவை. மலிகா சீனத்தி. பினாங்கில் ஏழைச் சீனக் குடும்பத்தில் பிறந்து, விவரம் தெரிந்த வயதில் ஒரு தமிழ் முஸ்லிம் வீட்டுக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டவள். அங்கே கடை வேலைக்குப் போயிருந்த நூர்முகம்மது அவளை நிக்காஹ் செய்து ஊருக்கு அழைத்து வந்தார்.

வந்த புதிதில், மாமியாருக்கு டீ கொடுத்தபோது கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்தி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டினாள். “சோத்துக் கையால குடுத்தா போதாதா? பீச்சாங்கை எதுக்கு நடுவுல?” என்று நூர்முகம்மதுவின் அம்மா முகத்தைச் சுளித்தார். “ஒரு கையால குடுத்தா வேண்டாவெறுப்பா குடுக்கிற மாதிரி இருக்கு மாமி” என்றாள் மலிகா. அவள் சிரித்த சிரிப்பில் அம்மா வாங்கிக்கொண்டார். நாள் போகப் போக அம்மாவே இரண்டு கைகளால் கொடுக்கத் தொடங்கினார். பிறகு அதுவே அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது. வீட்டு மனிதர்களுக்கு இரண்டு கை. கேபிள்காரனுக்கும் கூரியர்காரனுக்கும் ஒரு கை.

சைனாக்காரி வீடு என்று கடைத்தெருவில் ஒருவன் கேலி பேசியபோது, நூர்முகம்மது அவனையே வீட்டுக்குக் கூட்டிவந்து மலிகா கையால் டீ குடிக்க வைத்தார். அதன் பிறகு அவன் அந்த வார்த்தையை எடுக்கவில்லை. அப்படிக் காத்த பெயர். அவள் மௌத்தாகி நாலைந்து வருஷத்துக்குள் பெற்ற பிள்ளையே அதை ஒளிக்கிறான்.

சிதம்பரம் தியேட்டரில் பாராட்டு விழா, அத்தா கட்டாயம் வர வேண்டும் என்று அவன் போன் செய்தபோது, இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மேடையில உங்கம்மா யாருன்னு சொல்வியா?”

“சொல்றேன்த்தா.”

அந்தச் சொல்லை நம்பித்தான் வந்திருந்தார்.

திரையில் மகன் வந்தான். முகமெல்லாம் மஞ்சள் பவுடர். எலி வால்போல இரண்டு பக்கமும் தொங்கும் மீசை, உதட்டுக்கு வெளியே துருத்திய பொய்ப்பல். மலிகாவின் கண்களே இருந்தும் அவை போதவில்லை போலும், ஓரங்களில் டேப் ஒட்டி இழுத்திருந்தார்கள். பொருளில்லாத ஓசைகளை மூக்கால் பேசினான். உயிருள்ள பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் போட்டு மென்றான். கொட்டகை ஊளையிட்டது.

“மச்சான், இதான்டா சைனா மூஞ்சி!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

நூர்முகம்மது கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த காட்சியில் நாயகியின் தகப்பனை வில்லன் விருந்துக்கு அழைத்திருந்தான். விஷம் கலந்த டீ. வில்லன் கோப்பையை எடுத்தான். இரண்டு கைகளாலும் ஏந்தினான். கட்டைவிரல்கள் விளிம்பைத் தொடாமல் கீழேயே நிற்க, தலையைத் தாழ்த்தி நீட்டினான்.

நூர்முகம்மதுவின் கைக்குட்டை மடியில் விழுந்தது. அந்த விரல்கள் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். காலம் முழுக்க அந்தக் கோப்பையை வாங்கிக் குடித்தவர் அவர்.

“குடிச்சிராத மாமா!” என்று ஒருவன் அலற, கொட்டகையே சிரித்தது. திரையில் கிழவர் குடித்து, நுரை தள்ளிச் செத்தார். வில்லன் பல்லைக் காட்டி, ஹீ ஹீ என்று இன்னொரு முறை தலை தாழ்த்தினான்.

“அத்தா... அது அம்மா...” என்றாள் பக்கத்தில் ஷாசியா. குரல் உடைந்திருந்தது.

“வாய மூடு. அவ பேரை இந்தக் குப்பையில எடுக்காத.”

இடைவேளையில் மேனேஜர் தட்சிணாமூர்த்தி திரைக்கு முன்னால் மைக்கோடு நின்று, அப்பாவையும் மகனையும் மேலே அழைத்தார். அசாருதீன் கறுப்புக் கண்ணாடியும் பளபளக்கும் சட்டையுமாக நின்றான். சிந்துஜாவும் வந்திருந்தாள்.

“அந்த டீ சீனுக்குத்தான் சார் கிளாப்ஸ் ஜாஸ்தி. அதை எங்கேருந்து புடிச்சீங்க?”

அசாருதீன் தகப்பனைப் பார்த்தான். நூர்முகம்மது தாடையை உயர்த்திக் காத்திருந்தார். சொல்லுடா. மலிகா என்று ஒரு வார்த்தை. இந்தச் சாக்கடையிலிருந்தே அவளைத் தூக்கி நிறுத்திவிடலாம்.

“அது... எல்லாம் படத்துல பாத்ததுதான் மேடம்” என்றான் மகன்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடி ஷீல்டு ஒன்றை எடுத்து, “ஐயா, இப்பேர்ப்பட்ட புள்ளைய பெத்ததுக்கு” என்று நூர்முகம்மதுவிடம் நீட்டினார். கோபத்தில் அவர் எதையும் யோசிக்கவில்லை. ஒருவர் மரியாதையாக ஒன்றைத் தரும்போது அவர் கைகள் செய்வதை அவை செய்தன. இரண்டும் சேர்ந்து நீண்டன. தலை கொஞ்சம் தாழ்ந்தது.

கொட்டகை வெடித்தது.

“டேய், அப்பாவும் சைனாதான்டா!”

“வாங்கிராத மாமா! வெஷம்!”

“அப்பாவுக்கும் டிரெயினிங் குடுத்துட்டீங்களா சார்?” என்றாள் சிந்துஜா, சிரிப்பை அடக்க முடியாமல்.

அசாருதீனும் சிரித்தான். அரைச் சிரிப்புதான். ஆனால் சிரித்தான்.

நூர்முகம்மது ஷீல்டை மேசையில் வைத்துவிட்டு சிந்துஜா கையிலிருந்த மைக்கை வாங்கினார். “இது எம் பொஞ்சாதி பழக்கம். பேரு மலிகா. பொறப்புல சைனாக்காரி. இதோ நிக்கிறானே, இவன் அவ வயித்துல பொறந்தவன். எந்தப் படத்தையும் பாத்துக் கத்துக்கல. அவ குடுத்த டீயில ஒருத்தனும் சாகல. நீங்க சிரிச்சது அவளப் பாத்து.”

முன்வரிசை அடங்கியது. பின்னாலிருந்து விசில் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் படியிறங்கினார். ஷீல்டு மேசையிலேயே கிடந்தது.

ஷாசியாவின் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நூர்முகம்மது வீட்டுக்குள் போனதும் முகத்தையும் கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவினார். அப்படியும் அந்த நாற்றம் சட்டையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அசாருதீன் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான்.

“அத்தா, உங்களுக்குப் புரியல. அம்மா சைனான்னு சொன்னா என்னை இந்த வேஷத்துக்கே முத்திரை குத்திருவாங்க. வேற ரோலே வராது. அடுத்த படத்துல போலீஸ் வேஷம் பேசிக்கிட்டு இருக்கேன்.”

“பல்லி தின்னப்ப சைனாக்காரன். பெத்தவ பேரு கேட்டா இல்லையா?”

“சினிமான்னா அப்படித்தான்த்தா. அவுங்க சொல்றதத்தான செய்ய முடியும்? டீ சீன்ல டைரக்டர், சைனாக்காரன் மாதிரி ஏதாச்சும் செய்யுன்னாரு. எனக்கு வேற என்ன தெரியும்? அதுதான் தெரிஞ்சுது.”

நூர்முகம்மது அவனை ஏற இறங்கப் பார்த்தார். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. மகள் வீடு என்பதால் விழுங்கிக்கொண்டார்.

“தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் வெஷத்துக்கு வித்துட்ட.”

ஷாசியா சமையலறையிலிருந்து டீ கொண்டுவந்தாள். தகப்பனுக்கு இரண்டு கைகளால் கொடுத்தாள். அவர் இரண்டு கைகளால் வாங்கினார். அடுத்த கோப்பையை எடுத்தவள் அண்ணன் முன்னால் தயங்கி நின்றாள்.

“ஒரு கையால குடு” என்றார் நூர்முகம்மது. “வெளியாளுக்கு அது போதும்.”

“அத்தா...”

“குடும்மா.”

அவள் இடக்கையைத் தாழ்த்தி, வலக்கையால் மட்டும் கோப்பையை நீட்டினாள். டீ தட்டில் சிந்தியது. அசாருதீன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். பிறகு கோப்பையை இரண்டு கைகளாலும் வாங்கினான். வாங்கும்போது தலை தானாகத் தாழ்ந்தது.

அங்கே சிரிக்க யாரும் இல்லை.