சுகிர்தம் உடைத்த மதில்

கொழும்புத்துறையில் ஒல்லாந்தர் காலத்து மதில் தோட்டமொன்றைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள் என்று கேட்ட நாளிலிருந்து ஜெயனிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு உயிரான பெண் கவிஞர் சுகிர்தம் அறுபது வருடங்களுக்கு முன் குடியிருந்த வளவு அது. அவருடைய கவிதைகளில் பாதி, அந்த முருகைக்கல் மதிலில் ஆள் நுழைந்து போகும்படி ஓட்டையாக இருந்த ஒரு பொட்டைப் பற்றியவை. சுற்றிவர எல்லாம் உவர்க்கிணறு. நல்ல தண்ணீர் அந்த வளவுக்குள் மட்டும்தான். பின்பக்கத்துச் சனம் வந்து அள்ளட்டும் என்று சுகிர்தமே அலவாங்கு எடுத்து உடைத்த பொட்டு.

ஜெயனி உள்ளே போனதும் நேரே பின்மதிலுக்கு நடந்தாள். பொட்டைக் காணவில்லை. ஒரே சீராகச் சுண்ணாம்பு பூசியிருந்தது. பக்கத்தில் சுகிர்தத்தின் படத்தோடு ஒரு பலகை. இந்தத் தோட்டத்தின் அமைதியை அவர் நேசித்தாராம். அமைதியையா? அந்த மனுசி நேசித்தது வாளிச் சத்தத்தை.

காவலுக்கு நின்ற பிறேமிடம் கேட்டாள். பழைய வரைபடத்தில் பொட்டு இல்லை, ஒல்லாந்தர் கட்டினபடியே மீட்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு என்றான்.

“ஒல்லாந்தர் இங்கை இருந்து கவிதை எழுதேல்லை, அண்ணை.”

அவன் வாய் திறக்குமுன் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. “தம்பி, ஒரு வாளி அள்ளித் தாருமன்.”

பிறேம் குரலைத் தாழ்த்தினான். பின்வீட்டு றஜிதா அக்காவாம். தண்ணீர் பவுசர் வண்டி வராத நாளெல்லாம் இப்படித்தான் கேட்பாராம். கொடுத்தால் தன் வேலை போய்விடும். கிணற்றடியில் தொங்குகிற வாளி, வருகிறவர்கள் படமெடுக்க வைத்தது என்றான்.

ஜெயனி விறுவிறென்று போய் ஒரு வாளி அள்ளினாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு, மதிலோரம் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த புது வாங்கில் செருப்போடு ஏறினாள்.

“தங்கச்சி, வாங்கிலை ஏறப்படாது.”

“நான்தான் ஏறினனான் எண்டு சொல்லுங்கோ. என்ரை பேர் ஜெயனி.”

அப்பால் கல்லொன்றில் ஏறி நின்ற றஜிதா வாளியை இரண்டு கையாலும் வாங்கினாள். குடத்தில் ஊற்றிவிட்டு வெறும் வாளியை நீட்டும்போது கேட்டாள்: “நாளைக்கு ஆர் பிள்ளை தாறது?”

ஜெயனி வாளியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள்.

“உந்த உத்தரவு போட்ட ஐயாவின்ரை கந்தோர் எங்கை, அண்ணை?”

பிறேம் தயங்கித் தயங்கி அலுவலகத்துக்கு வழி சொன்னான். பிறகு வாளிக்குக் கை நீட்டினான்.

“அங்கை வந்து வாங்குங்கோ,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வாளியோடு அவள் வாசலைக் கடந்தாள்.