மோசம் போனவர்

நாடகம் நாலு மணிக்கு. அந்தக் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது மூன்று இருபதுக்கு. கேட்ட கையோடு, குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீயைச் சேலையில் ஊற்றிக்கொண்டேன்.

என் பெயர் நிசாந்தினி. பிறந்தது நெடுந்தீவு, வேலை ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில். உரைபெயர்ப்பாளர். சாட்சி அழுதால் நான் அழக்கூடாது. அவர் பொய் சொன்னால் அந்தப் பொய்யைக் கூட்டாமல் குறைக்காமல் மற்ற மொழியில் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதைப் பிழையில்லாமல் செய்கிறேன் என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் சரவணைக் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் அது இறங்கியது.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டது பவதாரணி. அமெரிக்காவில் அவளைத் தாரா என்கிறார்கள். முப்பத்திரண்டு வயது, நடிகை, எழுத்தாளர். தாய் புஸ்பராணி இந்தச் சரவணைக்காரி, தகப்பன் வெள்ளைக்காரர். தாய் இறக்கும்போது இவளுக்கு ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் புழங்கிய நாலைந்து சொற்களோடு இவளுடைய தமிழும் நின்றுவிட்டது. நடிக்கப் போனாள். தொலைக்காட்சித் தொடர்களில் பதினொரு முறை தாதி, நாலு முறை மருந்துக்கடைக்காரி, ஒரு முறை பிரேதம். "பிரேதமாக நடித்ததற்குத்தான் நல்ல விமர்சனம் வந்தது" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

பிறகு அவளே ஒரு நாடகம் எழுதினாள். ஒற்றை ஆளாக மேடையில் நின்று, தன் தாயாக நடிக்கிற நாடகம். அது ஓடியது. எட்டு வருடமாக ஓடுகிறது. அதையே புத்தகமாகவும் எழுதினாள், அதற்குப் பரிசும் கிடைத்தது. தாதியாக நடித்துக்கொண்டிருந்த ஒருத்தியை ஆளாக்கியது அந்த ஒரு கதைதான்.

கதை இது. தொண்ணூறாம் ஆண்டு, சண்டையால் தீவுகளுக்கிடையில் லோஞ்சுகள் ஓடாமல் நின்றுபோன ஆவணி மாதம். நயினாதீவில் அகப்பட்டுக்கொண்ட பத்தொன்பது வயதுப் பெட்டையைக் கூட்டிவர அவளுடைய அண்ணன் இலட்சுமணன் வள்ளத்தோடு வருவதாகச் சொல்லியனுப்புகிறார். அவள் கரையில் நிற்கிறாள். வள்ளம் வரவில்லை. அண்ணன் வழியில் மனம் மாறி, வேறு ஆட்களோடு தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு போய்விட்டார். கூடப் பிறந்தவன் செய்த துரோகத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பெட்டை அமெரிக்கா வரைக்கும் போகிறாள்.

இதை நான் தமிழில் நாலு பக்கச் சுருக்கமாக எழுதி, அறுபது பிரதி அடித்துக் கொடுத்திருந்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் என் வசனம்: "மாமா வழியில் மாறிப்போனார். தங்கச்சியைக் கரையில் விட்டுவிட்டுத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொண்டார்." நல்ல வசனம் என்று அப்போது நினைத்தேன். சரவணையில் எனக்கு ஒருவரையும் தெரியாது. கதை உண்மையா என்று கேட்பது என் வேலையுமில்லை.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், தாரா தன் தொலைபேசியை ஒலிபெருக்கியில் பூட்டிச் சத்தம் சரிபார்த்தாள். "அம்மா சாகும் முன் ஒரு கசெற்றில் பேசி வைத்தவர், அதன் பிரதி இது. அங்கே ஒருநாளும் இதைப் போட்டதில்லை, யாருக்கும் விளங்காது. இங்கே மட்டும் அம்மா தன் குரலிலேயே பேசட்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு சத்தத்தைக் குறைத்து எனக்குப் போட்டுக் காட்டினாள்.

இருமல் கலந்த பெண்குரல். "அண்ணை காலமை வாறனெண்டு சொல்லிவிட்டவர். நான் விடிய வெள்ளனவே கரைக்கு வந்திட்டன். நல்ல சோளகக் காத்து. வள்ளத்தைக் காணேல்லை. அண்ணை வழியிலை மோசம் போட்டார். இனி சீதேவி மச்சாளின்ரை முகத்திலை நான் என்னெண்டு முழிப்பன்."

பிளேன்ரீ ஊற்றுப்பட்டது இங்கேதான்.

"இதை உங்களுக்கு யார் மொழிபெயர்த்தது?" என்று கேட்டேன்.

கல்லூரியில் கூடப் படித்த சென்னைக்காரப் பெண்ணாம். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவளுடைய தமிழில் மோசம் என்றால் ஏமாற்று, கெடுதல். அண்ணன் வழியில் கெட்டுப்போனார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒற்றை வரியின் மேல் இவள் ஒரு துரோகியைக் கட்டியெழுப்பியிருக்கிறாள்.

"தாரா, எங்கள் ஊரில் மோசம் போவது என்றால் இறந்துபோவது. உங்கள் மாமா உங்கள் அம்மாவைக் கூட்ட வந்த வழியில் செத்துப்போனார். அதைத்தான் அம்மா சொல்லுகிறார்."

அவள் என்னைப் பார்த்த பார்வை, பிழையான ஆளைக் கூலிக்குப் பிடித்துவிட்டோமே என்ற பார்வை. தொலைபேசியில் அகராதியைத் திறந்து நீட்டினாள். வஞ்சனை, நம்பிக்கைத் துரோகம், கேடு. "இதில் சாவு எங்கே இருக்கிறது?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அகராதியைப் பார்த்து எனக்குத் தமிழ் சொல்லித்தர ஒருத்தி கடல் தாண்டி வந்திருக்கிறாள்!

அப்போது மண்டபப் பொறுப்பாளர் அப்புத்துரையண்ணை கதிரை எடுக்க உள்ளே வந்தார். நான் தாராவிடம், "அந்த மனிதரின் முகத்தை மட்டும் பாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணை, மோசம் போட்டார் எண்டு ஒரு செய்தி."

அவர் கதிரையைக் கீழே வைத்தார். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்தார். குரல் தானாக இறங்கிவிட்டது. "ஐயோ, ஆர் பிள்ளை? ஆர் மோசம் போனது?"

"இலட்சுமணன் எண்டு ஒராள். நயினாதீவிலை நிண்ட தங்கச்சியைக் கூட்டப் போனவராம்."

"சீ, நான் பயந்துபோனன். அவர் மோசம் போய் முப்பத்தஞ்சு வருசமெல்லோ. சோளகத்துக்குள்ளை போகாதை எண்டு எல்லாரும் மறிச்சவை. தங்கச்சி தனிய நிக்கிறாளெண்டு போனவர். மூண்டாம் நாள் சாட்டிக் கரையிலை பிரேதம் அடைஞ்சது, நானும் தூக்கினனான். அவரின்ரை மனுசி சீதேவியக்கா முன் வாங்கிலை இருக்கிறாவே. இன்னும் காணாத மருமோள் நாடகம் போட வந்திருக்கிறாளெண்டு வெள்ளனவே வந்திட்டா." கதிரையைத் தூக்கிக்கொண்டு போனவர் வாசலில் நின்று திரும்பினார். "நீங்கள் தந்த கடதாசி எல்லாருக்கும் குடுத்திட்டன்."

நான் ஒரு சொல்லும் மொழிபெயர்க்கவில்லை. துவாய் கைக்கு வந்ததை அவள் பார்த்திருந்தாள். முகம் பார்த்துப் பிழைக்கிறவளுக்கு அது போதும். கதிரை இல்லாததால் நிலத்தில் இருந்தாள். மாமாவின் மனைவி முன்வரிசை வாங்கில் இருக்கிறார் என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன்.

மூன்று நாற்பது. நான் மேடைத் திரையை விரல் அளவு விலக்கிப் பார்த்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. முன் வாங்கில் வெள்ளைப் புள்ளிச் சேலையோடு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு மனுசி. சீதேவியம்மாவாகத்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்தக் கடதாசியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசித்தார். இரண்டாம் பக்கம். புருசனைப் பற்றி அமெரிக்காவில் எழுதியிருக்கிறார்கள் என்ற பெருமை முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். அதில் "இலட்சுமணன்" என்ற பெயர் இருந்திருக்கும்.

"மின்சாரம் போய்விட்டது என்று சொல்லுங்கள்" என்றாள் தாரா.

"விசிறி எல்லாம் சுற்றுகிறது."

"எனக்குச் சுகமில்லை என்று சொல்லுங்கள். கடதாசிகளைத் திருப்பி வாங்குங்கள். நவம்பரில் இருபத்திரண்டு மேடைகள் ஒப்பந்தமாகியிருக்கின்றன. புத்தகம் ஐந்தாம் பதிப்பு. நான் என்ன செய்வேன் சொல்லுங்கள்?"

"அந்த மனுசி இப்போது மூன்றாம் பக்கத்தில் நிற்கிறார். என்ன செய்வீர்களோ, இந்த நிமிடம் செய்யுங்கள்."

கொடுமையாகத்தான் சொன்னேன். பயந்தது அவளுக்காக இல்லை. அந்த வசனம் என்னுடையது. அவளுடைய ஆங்கிலம் அந்த மனுசிக்கு ஒருநாளும் எட்டியிராது. விரல் வைத்து வாசிக்கிற தமிழில் அதைக் கொண்டுவந்து மடியில் போட்டவள் நான். ஓடிப்போய்க் கடதாசியைப் பறிக்கலாமா என்றுகூட நினைத்தேன்.

விரல் பக்கத்தின் அடிக்கு வந்து நின்றது. பிறகு அதே வரியின் தொடக்கத்துக்குப் போனது. மறுபடி முடிவுக்கு வந்தது. சீதேவியம்மா கண்ணாடியைக் கழற்றினார். எழும்பினார். வாசலுக்குத்தான் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மேடைப் படிக்கு வந்தார்.

நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனேன்.

"பிள்ளை, இதை ஆர் எழுதினது?"

"தமிழிலை எழுதினது நான்தான் அம்மா."

"என்ரை மனுசன் தன்ரை உயிரைக் காப்பாத்திக்கொண்டு போனவரெண்டு போட்டிருக்கு." குரல் உயரவில்லை, ஆனால் மண்டபம் முழுவதும் விசிறுவதை நிறுத்திவிட்டது. "எங்கை பிள்ளை வைச்சிருக்கிறீர் அவரை? கூட்டிக்கொண்டு வாரும். ஒருக்காப் பாப்பம்."

"பிழை விட்டிட்டம் அம்மா" என்றேன்.

பின்னாலிருந்து தாரா வந்தாள். மேடையில் நடக்கப் பழகிய கால்கள் ஒயரில் தடக்கின. அவள் தொலைபேசியை அழுத்தினாள்.

இருமல் கேட்டது. பிறகு குரல். "அண்ணை காலமை வாறனெண்டு சொல்லிவிட்டவர்..."

"புஸ்பம்," என்றார் சீதேவியம்மா. படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

அமெரிக்காவில் எட்டு வருடம் தப்பாகப் போன அந்த வரி, சரவணையில் ஒரு நொடியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மோசம் போட்டார் என்றதும் பின்வரிசை வாங்கில் ஒரு கிழவர் உச்சுக்கொட்டினார். மச்சாளின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்ற இடத்தில் குரல் நின்றுபோனது.

"அதுக்கோ?" என்றார் சீதேவியம்மா. ஒலிபெருக்கியைப் பார்த்துத்தான் கேட்டார். "அதுக்கோடி ஒரு கடிதமும் போடேல்லை? என்னிலை கோவமெண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தன்."

தாரா இறங்கி அவருக்கு ஒரு படி கீழே நின்றாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். எட்டு வருடமாக மாமாவைத் துரோகி என்று சொன்னேன். ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம், கதை நன்றாக இருந்தபடியால் விசாரிக்க மனம் வரவில்லை. இந்தக் கடைசி வசனத்தை அவள் அழாமல் சொன்னாள். அதற்காக அவளை நான் மதித்தேன். முடிவில், "நானும் ஒரு சொல்லுக் கேக்காமல் எழுதினனான்" என்று என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன். உரைபெயர்ப்பாளர் செய்யக்கூடாதது, செய்தேன்.

சீதேவியம்மா அவள் பக்கம் திரும்பினார். "எத்தினை பேர் பாத்திருப்பினம் பிள்ளை?"

தெரியாது, ஒவ்வொரு மண்டபமும் நிறையும், புத்தகம் அதைவிடக் கூட என்றாள்.

"அவை என்ரை மனுசனை என்ன சொல்லுவினம்?"

தாரா என்னைப் பார்த்தாள். மாற்றிச் சொல்லுங்கள் என்று கேட்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை. "அந்த இடத்தில் சிலர் எழுந்து நின்று திட்டுவார்கள். நாடகத்தில் எல்லோரும் புகழ்ந்து பேசும் இடம் அதுதான்." அதையும் சொன்னேன். நாக்குக் கசந்தது.

மண்டபத்தில் யாரோ "சீ" என்றார்கள். சீதேவியம்மா கையைத் தூக்கி அவர்களை அடக்கினார்.

"இனி என்ன செய்யப்போறீர்?"

"இனி நாடகம் இல்லை. அவர் துரோகி இல்லையென்றால் சொல்லுவதற்குக் கதையே இல்லை. வரவில்லை, இறந்துவிட்டார், அவ்வளவுதான். மேடையில் நிற்பதற்கு அது காணாது என்று சொல்லுவார்கள்."

சொல்லியிருக்கக்கூடாது. சொல்லிவிட்டாள், தொழில்காரியின் வாய். நான் மொழிபெயர்த்தேன், ஒவ்வொரு சொல்லாக, அந்த மனுசியின் முகத்தைப் பார்க்காமல்.

அந்த மாலையில் முதல்முறையாகச் சீதேவியம்மாவின் குரல் உயர்ந்தது.

"ஏன் பிள்ளை? தங்கச்சி தனிய நிக்கிறாளெண்டு ஒரு மனுசன் காத்துக்குள்ளை வெளிக்கிட்டு, போற வழியிலை செத்தது, அது காணாதோ உங்கடை சனத்துக்கு?"

இதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது என்று நான் தடுமாறினேன். அதற்குள் தாராவின் தலை நிமிர்ந்துவிட்டது. காணாதோ. சோற்றுக் கரண்டியோடு மேசையருகில் நின்று, போதுமா, இன்னும் வேண்டுமா என்று பார்த்துத் தாய் கேட்டிருக்கக்கூடிய சொல். அவளிடம் மிஞ்சியிருந்த நாலைந்தில் அது ஒன்று.

அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"காணும்," என்றாள். வாய் கோணி, அடுத்த சொல்லைத் தேடிப் பிடித்தாள். "காணும், மாமி."