ஐந்து கண்ணாடிக்கும் பொட்டு

முகையூர் வெனிலா ஆறு வருஷமாகத் திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் டெல்லூரைட் கண்ணாடி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடி இல்லை, ஐயா! டெல்லூரியம் ஆக்சைடை உலையில் உருக்கி, சூடான பித்தளைத் தட்டில் ஊற்றி எடுக்கிற புளியங்கொட்டை அளவுத் துண்டு. ஒளியை ஜன்னல் கண்ணாடியைவிட அதிகமாக வளைக்கும். அந்தப் பொடி மூச்சில் போனால் வாயில் பூண்டு வாடை வாரக்கணக்கில் விடாது. பெண் பார்க்க வந்த இரண்டு பேர் அந்த வாடைக்கே எழுந்து போனார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மார்ச் முடிவதற்குள் ஒரு கட்டுரையாவது ஆராய்ச்சிப் பத்திரிகையில் ஏறாவிட்டால் பி.எச்டி. பதிவே ரத்து என்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நெறியாளர் கோதண்டபாணி பகுத்தறிவுக்காரர். "என் லேப்ல சாமி பூதம் எதுவும் கிடையாது" என்று ஆயுத பூஜைக்கு உலைப் பக்கம் ஒரு பூவைக்கூட அண்டவிடமாட்டார். ஆனால் கண்ணாடி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி அவரிடம் இல்லை. அது விழுப்புரத்தில் வேறொரு கல்லூரியில், பூமாலை என்ற லேப் உதவியாளரின் பொறுப்பில் இருந்தது. வெனிலா பூஜைக்கு முந்தின நாள் ஐந்து துண்டுகளை, அவற்றில் கலந்த துத்தநாகம் கூடக்கூட வரிசையாக அடுக்கி, அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். லீவு முடிந்ததும் அவர் அளந்து வரைபடத்தை அனுப்பினார்.

நீல ஒளி விழும் 425 நானோமீட்டரில், கோட்டில் ஒரு மேடு! முதல் துண்டில் பெரிதாக, அப்புறம் படிப்படியாகச் சின்னதாக. கோதண்டபாணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"பாத்தியாம்மா? டெல்லூரியத்தைச் சுத்தி நாலு ஆக்சிஜன் இருக்கு. துத்தநாகம் சேரச்சேர அது மூணா கொறையுது. அந்த நாலுதான் இந்த மேடு. உலகத்துல எவனும் பாக்கல!"

மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். வெளிநாட்டுப் பத்திரிகையும் மயங்கிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: புதிதாகக் காய்ச்சிய ஐந்து துண்டுகளிலும் அதே மேட்டைக் காட்டவேண்டும். காய்ச்சி விழுப்புரத்துக்கு அனுப்பினாள், மேடு இல்லை. மறுபடியும் காய்ச்சினாள். கோடு தரையோடு கிடந்தது. விழுப்புரத்துக்கே போய்ப் பூமாலையைக் கேட்டாள்.

"அண்ணா, மொத தடவை என் கண்ணாடிய என்னா பண்ணீங்க?"

"ஒன்னும் பண்ணலம்மா. பூஜை அன்னிக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சிக்கினு வந்தேன். மாதா கோயிலுக்குப் போற வேதக்காரப் பொண்ணு சாமானாச்சேன்னு உன்னுத மட்டும் வுட்டுட முடியுமா? அதுக்கும் மஞ்சள் குங்குமம் வச்சேன். மொதல்ல தாராளமா வச்சிட்டேன், போகப்போக குழைச்சது தீந்துபோச்சி. அப்பால கர்ச்சீப்பால தொடைச்சிட்டுத்தான் அளந்தேன்."

அடக் கடவுளே! உலகத்தில் எவனும் பார்க்காத மேடு, ஒரு சிட்டிகை மஞ்சள். வெனிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

திண்டிவனம் திரும்பி நெறியாளரிடம் சொன்னாள். அவர் தன் மூன்று பக்க விளக்கத்தை எடுத்து மறுபடி படித்தார். மறுநாள் காலை, வாழ்நாளில் கோயில் வாசல் மிதிக்காத அந்த மனிதர், தானே கடைக்குப் போய் வாங்கிவந்த மஞ்சள் குங்குமப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"இத பூமாலைகிட்ட குடு. போன தடவை எப்படி வச்சாரோ அதே மாதிரி வைக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். மார்ச் ஞாபகம் இருக்கில்ல?"

பஸ்ஸில் பொட்டலம் அவள் மடியில் கிடந்தது. வைத்தால்தான் என்ன, ஆறு வருஷம் உழைத்தது பொய்யா என்று தோன்றியது. மறைப்பானேன், விக்கிரவாண்டி தாண்டும்வரை அப்படித்தான் தோன்றியது.

பூமாலை பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னிக்கு என்னாம்மா பூஜை? ஏமாத்தறதுக்கா சாமி பொட்டு? என் கையால ஆவாது."

வெனிலாவுக்கு முகம் சுட்டது. ஐந்து துண்டுகளையும் அசிட்டோனில் துடைத்து அளந்தாள். மேடு கீடு எதுவும் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, பத்திரிகைக்கு மஞ்சள் கதையை நான்கு வரியில் எழுதி, கட்டுரையைப் போடவேண்டாமென்று அனுப்பிவிட்டாள். அதற்குள் கோதண்டபாணி போனில் வந்தார்.

"என்னம்மா, மேடு வந்துச்சா?"

"வரல சார். பொட்டு வைக்கமாட்டேன்னுட்டாரு."

"ஏனாம்?"

"சாமி குத்தமாம் சார்."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அதனால என்ன, நீயே வச்சிருக்கலாமேம்மா?"

"நானும் சாமி கும்பிடறவ சார்" என்றாள் வெனிலா. மார்ச் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.