டோன் கூக்கோவுக்கு ஒரு மேடை

எங்கள் நான்காம் தெருவில் டோன் கூக்கோவின் குரல் கேட்காத நாள் என்றால் அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்று அவருடைய டயர் கடைக்கு விடுமுறை. மற்ற நாட்களில், தெருமுனையில் இருக்கும் என் ரொட்டிக்கடையின் அடுப்படி வரைக்கும் அந்தச் சத்தம் வந்துவிடும். டயர் மாற்ற வந்தவரிடம் ஊர்க்கதை, எதிரே போகிறவரிடம் கேலி, யாருமே கிடைக்காவிட்டால் தன் நாயிடம் அரசியல்.

அவர் கடையை ஒட்டி டோன்யா எர்லிந்தாவின் துணிக்கடை. கல்யாணத்துக்கும், பெண்பிள்ளைகளின் பதினைந்தாவது பிறந்தநாள் விழாவுக்கும் கவுன் தைத்து விற்பார். ஆண்களுக்குக் கோட்டும் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை வெளேரென்று கவுன்கள். கண்ணாடிக்கு முன்னால் டோன் கூக்கோவின் பழைய டயர்கள், ஆள் உயரத்துக்கு. இதனால் இருவருக்கும் பல வருடச் சண்டை.

"என் கடைக்கு வர்ற பொண்ணுங்க, இது கல்யாண உடுப்பு விக்கிற இடமா, காயலான் கடையான்னு கேக்குதுங்க" என்பார் எர்லிந்தா.

"டயர் பக்கத்துல இருந்தாதான் டோன்யா உங்க கவுன் வெள்ளையாத் தெரியும். செலவே இல்லாம உங்களுக்கு விளம்பரம் பண்றேன். ஒரு நன்றி உண்டா?"

திட்டும்போதுகூட, ஐயா, அம்மா என்கிற மாதிரி 'டோன்', 'டோன்யா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அதுவே இன்னும் எரிச்சலூட்டும்.

அந்த செப்டம்பரில், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து இந்த ஊருக்குக் குடியேறிய எங்கள் லத்தீனோ வணிகர் சங்கம் கூடியது. வருடா வருடம் அக்டோபரில் ஒரு விருந்து வைத்து, நம் ஜனங்கள் தொழில் தொடங்கவும் நிமிரவும் கைகொடுத்தவர்களைப் பாராட்டுவது சங்கத்தின் வழக்கம். சங்கத் தலைவர் வக்கீல் ஒஃபேலியாவுக்கு இந்த முறை ஒரு குறை.

"ஒவ்வொரு வருஷமும் ஒரு வங்கிக்காரர், ஒரு நகரசபைக்காரர். நம்ம தெருவுல ஆளே இல்லையா? யாராவது ஒரு பேர் சொல்லுங்களேன்" என்றார்.

எல்லோரும் எங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாராட்டு வாங்குகிறவர் மேடையில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது விதி. அப்போது எர்லிந்தா கையைத் தூக்கினார்.

"டோன் கூக்கோ பேர எழுதிக்கோங்க."

கையிலிருந்த காப்பியை நான் மடியில் சிந்திக்கொண்டேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவர் காதருகே கேட்டேன்.

"அவர் மக பிறந்தநாள் விழா ஞாபகமிருக்கா?" என்று அவரும் கிசுகிசுத்தார்.

மறக்க முடியுமா? கையில் மைக்கைக் கொடுத்ததும் மனிதர் தூணாகிவிட்டார். ஊரே காத்திருந்தது. கடைசியில் "சாப்பிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். டயர் கடையில் சிங்கம். மைக்குக்கு முன்னால் மழையில் நனைந்த பூனை.

"முன்னூறு பேர் முன்னாடி, கழுத்துல டை கட்டிக்கிட்டு, பத்து நிமிஷம்" என்று எர்லிந்தா ஒவ்வொரு சொல்லாகச் சுவைத்தார். "முதல் மேசையில உக்காந்து பாக்கப் போறேன்."

ஆனால் ஒஃபேலியா விடவில்லை. "என்ன செஞ்சிருக்கார்னு நாலு வார்த்தை சொல்லுங்க. நான் எழுதணும்ல?"

எர்லிந்தா இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்து, வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தார். "ரொசாரியோவோட டாக்கோ சாப்பாட்டு வண்டி முதல்ல எங்க நின்னுச்சு? அவர் முற்றத்துல. சமோரா முடிவெட்ட முதல் நாற்காலி போட்டது எங்க? அவர் ஷெட்டுல. கார் கண்ணாடி மாத்துற பையன், பழம் வெட்டி விக்கிற அக்கா தங்கச்சி, எல்லாரும் அங்கேருந்துதான் கிளம்பினாங்க. வாடகை கேட்டதில்ல. என்ன, அவர் பேச்சக் கேட்டுக்கிட்டே இருக்கணும். அது வாடகையவிட ஜாஸ்தி."

சிரிப்பும் கைதட்டலுமாகத் தீர்மானம் நிறைவேறியது. எர்லிந்தாவின் முகத்தில் மட்டும், வம்புக்கென்று சொன்னது உண்மையான பாராட்டாகிப் போனவரின் திகைப்பு.

சேதி தெரிந்ததும் டோன் கூக்கோவைப் பிடிக்க முடியவில்லை. "பாத்தியா, இந்தத் தெருவே என் முற்றத்துல முளைச்சது" என்று வருகிற வண்டிக்கெல்லாம் சொன்னார். பிறகு ஒஃபேலியா தொலைபேசியில் பேச்சைப் பற்றிச் சொன்னார். அதன்பின் நான்காம் தெருவில் அப்படி ஓர் அமைதி. யாராவது செத்துவிட்டார்களா என்று என் வாடிக்கையாளர்கள் விசாரித்தார்கள்.

ஒரு நாள் மதியம் நான் எர்லிந்தாவுக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தேன். கதவு திறந்தது. டோன் கூக்கோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த வாசற்படியை மிதித்தது அதுதான் முதல் தடவை. எதிலும் பட்டுவிடக் கூடாதென்று கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"டோன்யா, என் பேரச் சொன்னது நீங்கதானாமே. அதை வாபஸ் வாங்கிடுங்க."

"ஐயையோ, அழைப்பிதழ் அச்சடிச்சாச்சே."

"எனக்குக் கோட்டு கிடையாது."

"என்கிட்ட இருக்கு. கையத் தூக்குங்க."

அளவுநாடாவை அவர் மார்பைச் சுற்றி எறிந்து பிடித்தார் எர்லிந்தா. "வயித்த உள்ள இழுக்காதீங்க. விருந்து முழுக்க இழுத்துப் பிடிச்சிருக்க முடியுமா?"

"இது வயிறில்ல டோன்யா, அனுபவம்."

"அப்ப அனுபவத்துக்கு நாலு அங்குலம் சேத்துத் தைக்கிறேன். பேச என்ன வச்சிருக்கீங்க?"

அவர் கூரையைப் பார்த்தார். நாடா பிடித்திருந்த எர்லிந்தாவின் விரல்களுக்குக் கீழே அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். அதை எர்லிந்தா பின்னால்தான் என்னிடம் சொன்னார். அன்று சாக்குக்கட்டியால் கோடு போட்டதோடு சரி.

விருந்து நாள் வந்தது. தேவாலய மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. இறைச்சி ஆலையில் வேலை முடித்துக் குளித்துவிட்டு நேரே வந்தவர்கள் ஒரு பக்கம், வங்கிக்காரர்கள் ஒரு பக்கம். கரும்பச்சைக் கோட்டில் டோன் கூக்கோ நிஜமாகவே அழகாக இருந்தார். வங்கி மேலாளர் கேடயத்தை நீட்டி, அவர் பெயரைக் குயில் கூவுகிற மாதிரி இழுத்துச் சொல்லிக் கைகுலுக்கினார். பிறகு மைக்கை விட்டு விலகினார்.

டோன் கூக்கோ மைக்கின் முன் நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். தண்ணீர் குடித்தார். ஒரு குழந்தை அழுதது, அதன் தாய் அதை வெளியே தூக்கிப் போனாள். அவர் முகம் ஈயம் மாதிரி வெளுத்தது. முன்வரிசை மேசை ஒன்றில் அவர் மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதல் மேசையில் என் பக்கத்தில்தான் எர்லிந்தா இருந்தார். இந்த நிமிடத்துக்காகவே புது உடுப்புப் போட்டு வந்தவர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார். திடீரென்று நாற்காலி பின்னால் விழ எழுந்தார்.

"என்ன டோன் கூக்கோ, ஓசி இடம்னா மேடையிலயும் சும்மா நிப்பீங்களா? என் கடை வாசல்ல நிக்கிற உங்க டயர் மாதிரியே நிக்கிறீங்களே!"

ஒஃபேலியா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

டோன் கூக்கோவின் கழுத்து மெல்லச் சிவந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது, மைக் தேவையே இல்லாத குரல்.

"என் டயர் நிக்கிறது உங்களுக்குக் காவலுக்கு! போன பனிக்காலம் வழுக்கி வந்த லாரி உங்க கண்ணாடிய உடைக்காம தடுத்தது எது? உங்க கவுனா?"

"லாரி ஏன் வழுக்குச்சு? நீங்க மாட்டின டயர்!"

கூட்டம் குலுங்கியது. அதற்கப்புறம் இரண்டு பேரையும் யாராலும் நிறுத்த முடியவில்லை. ரொசாரியோ முதல் நாள் டாக்கோவைக் கருக்கியதும், தீயணைப்பு வண்டி வந்ததும், அவர்களையும் சாப்பிட வைத்து அனுப்பியதும் வந்தது. சமோரா முடிவெட்டிப் பழகுவதற்காகத் தன் தலையைக் கொடுத்து ஒரு மாதம் தொப்பியோடு அலைந்ததை டோன் கூக்கோ சொன்னார். வங்கி மேலாளருக்கு யாரோ மொழிபெயர்க்க, அவர் எல்லோரையும்விடக் கொஞ்சம் தாமதமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சும்மா இடம் குடுத்தேன், இடம் குடுத்தேன்னு பீத்திக்காதீங்க" என்றார் எர்லிந்தா.

"ஆமா, இடம் மட்டும்தான் குடுத்தேன்!" என்று மேடையிலிருந்து விரலை நீட்டினார் டோன் கூக்கோ. "இவங்க ஒவ்வொருத்தரையும் நகராட்சிக்குக் கூட்டிக்கிட்டுப் போய், இங்கிலீஷ்ல வாதாடி, லைசென்ஸ் வாங்கிக் குடுத்தது யாரு? நானா? எனக்கு அந்த ஆபீஸ் வாசல்லயே வேர்த்துடும். அந்தம்மாதான்! கடையப் பூட்டிட்டுப் போவாங்க, ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. வாய் மட்டும் இல்லேன்னா நல்ல மனுஷி!"

ரொசாரியோ எழுந்து கைதட்டினாள். சமோரா எழுந்தார். மண்டபமே எழுந்தது. விழுந்த நாற்காலியை நான் நிமிர்த்தி வைத்தேன். எர்லிந்தா அதில் பொத்தென்று உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தை விசிறிக்கொண்டார்.

இசைக்குழு வாசிக்கத் தொடங்கிய பிறகு டோன் கூக்கோ எங்கள் மேசைக்கு வந்து கேடயத்தை அவர் முன்னால் வைத்தார்.

"உங்க பேர் போட்டது எனக்கெதுக்கு? எடுங்க" என்றார் எர்லிந்தா.

"கத்தினதுக்கு நன்றி டோன்யா."

"இன்னும் பாதி பாக்கியிருக்கு. உக்காருங்க, கோழி ஆறுது."

உட்கார்ந்தார். கோழி விறகு மாதிரி இருந்தது. ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டார், ஒரு இளம் தம்பதி மேசையருகே வந்து தயங்கி நின்றார்கள். குவாத்தமாலாவிலிருந்து வந்து சில மாதங்களே ஆனவர்கள். பழச்சாறு வண்டி போட வேண்டுமாம், இடம் கிடைக்குமா என்று கணவன் கேட்டான்.

"என் முற்றத்துல தாராளமா" என்று டோன் கூக்கோ மார்பை நிமிர்த்தினார். "வடக்குப் பக்கம் போட்டுக்க."

"வடக்குப் பக்கமா? குளிர்காத்துல யாரு வந்து பழச்சாறு குடிப்பா?" என்றார் எர்லிந்தா. "தெற்குப் பக்கம், வெயில்ல போடும்மா. திங்கட்கிழமை காலையில என் கடைக்கு வா, லைசென்ஸுக்குப் போலாம்."

"முற்றம் என்னுது டோன்யா."

"புத்தி என்னுது."

அந்தப் பெண் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், போய்விடலாம் என்கிற மாதிரி. நான் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க" என்றேன். "இதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."