சீக்கிரம் முடிந்த போர்வைகள்

அந்தத் தெருவில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர். துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பவள். மற்ற கடைகளில் ஒரு மாதம் இழுக்கும் வேலையை நாலே நாளில் முடித்து, மடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். எப்படி என்று கேட்டால், "கைக்கு வேலை கம்மி, மூளைக்கு வேலை ஜாஸ்தி" என்பாள். பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும் நாத்தனார், "அப்ப தோள் வலிக்குதுன்னு தினம் என்னை ஏன் தைலம் தேய்க்கச் சொல்றீங்க அண்ணி?" என்று காலை வாருவாள்.

வழிகள் அப்படியொன்றும் ரகசியமில்லை. முக்கோணத்தை முக்கோணமாக வெட்டித் தைத்தால் துணி இழுத்துக்கொண்டு கோணலாகும். அவள் முக்கோணமே வெட்டமாட்டாள். இரண்டு பெரிய சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே வைத்து, நாலு ஓரத்தையும் சுற்றித் தைத்துவிட்டு, குறுக்காக இரண்டு வெட்டு. பிரித்தால் நாலு கட்டம், ஒவ்வொன்றிலும் இரண்டு முக்கோணம். துண்டுகளைத் தைக்கும்போது நடுவில் நூலை அறுக்கவும் மாட்டாள். ஒன்றன் வாலில் ஒன்றாக ஊசிக்கடியில் தள்ளிக்கொண்டே போவாள். பின்பக்கம் அது கொடியில் காயப்போட்ட கைக்குட்டைகள் மாதிரி தொங்கிக்கொண்டு போகும். நாத்தனார் நூலை அறுத்து, தையலை ஒருபக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுவாள். தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், மயிரிழை பிசகாது.

பிற்பாடு அவர்கள் கண்ணாடிக்காரர் என்று பெயர் வைத்த, மூக்குக்கண்ணாடி போட்ட அந்த மனிதர் முதல்முறை வந்தது ஒரு மழை நாளில். ஐம்பது வயதிருக்கும். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். பேச்சு பஞ்சு மாதிரி. கையில் ஒரு பெரிய பை.

"எங்க வீட்ல, என் சம்சாரத்துக்கு எப்பவும் குளிருதும்மா. கடையில வாங்குற போர்வை பிடிக்கல. அவளோட பழைய துணியிலேயே ஒண்ணு தெச்சுக் குடுத்தா சந்தோஷப்படுவா."

பையில் பழைய பாவாடைகளும் வெளுத்த சட்டைகளும் இருந்தன. நாலாம் நாள் போர்வையை வாங்க வந்தவர், விரித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிரமாக எப்படி என்று கேட்டார். புகழ்ச்சி யாரைத்தான் விட்டது? எக்ஸ்பிரஸ் அவரை உட்காரவைத்து, நாலு ஓரமும் தைத்துக் குறுக்கே வெட்டிக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப எவ்வளவு குடுத்தாலும் முடிச்சிடுவீங்க?"

"நீங்க குடுத்துப் பாருங்க!" என்றாள் அவள்.

அடுத்த வாரமே இரண்டாவது பை வந்தது. இதில் பழசு எதுவுமில்லை. இஸ்திரி கலையாத காலர் சட்டைகள், கால்சட்டைகள், சாம்பல் நிறக் கோட்டு ஒன்று. "வேலையை விட்டுட்டா. இனி எதுக்கு?" என்றார். அதுவும் நாலு நாள். மூன்றாவது பையில் விசேஷங்களுக்குப் போடும் பட்டுத்துணி, மழைக்கோட்டு, குளிருக்கான மேல்கோட்டு எல்லாம் இருந்தன. அன்றைக்கு எக்ஸ்பிரஸ் விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"எல்லாத்தையும் வெட்டிட்டா அவங்க எதைப் போட்டுக்கிட்டு வெளிய போவாங்க?"

அவர் சிரித்தார். "அவளுக்கு எங்கம்மா போகணும்?"

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். அவர் போனதும், "எனக்கென்னவோ இது சரியாப் படல அண்ணி" என்றாள். "உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு?" என்று எக்ஸ்பிரஸ் மிஷினை மிதித்தாள். ஆனால் அந்த மேல்கோட்டை வெட்டுமுன் அதன் பைகளைத் துழாவிப் பார்த்தாள். ஒன்றில் ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அதைக் குப்பைக்கூடையில் போட்டாள். அந்தப் போர்வையும் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தது.

நாலாவது பை சின்னது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் வைத்துவிட்டுப் போனார். இரண்டு இரவு உடை, உள்பாவாடைகள், வீட்டில் போடும் பூப்போட்ட கவுன் ஒன்று. நாத்தனார் கவுனை மேஜையில் விரித்தவள், சட்டென்று கையை எடுத்தாள்.

"அண்ணி, இதைத் தொட்டுப் பாருங்க."

அக்குளில் வியர்வை இன்னும் காயவில்லை. காலையில் யாரோ போட்டிருந்த துணி அது.

எக்ஸ்பிரஸ் கத்திரியைக் கீழே வைத்தாள். ஆர்டர் நோட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். அவர்தான் எடுத்தார். பார்டர் நிறம் பற்றி அவங்களிடம் ஒரு வார்த்தை கேட்கணும் என்றாள்.

"அவ போன்ல பேசறதில்லம்மா. எங்கிட்டயே சொல்லுங்க."

"அப்ப போர்வைக்கு அடியில வெச்சுத் தைக்கிற உள்துணியை நீங்களே வந்து பாத்துட்டா நல்லது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வரீங்களா?"

மறுநாள் ஒன்பதே காலுக்கெல்லாம் எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டாள். தோளில் ஒரு பை. அதில் நாத்தனாருடைய சட்டை, பாவாடை, செருப்பு, ஒரு சால்வை. "ஒரு அரைமணி நேரம் பேச்சுக் குடுத்து உக்கார வை. நீ பேசினா ரயிலே நிக்கும்" என்று நாத்தனாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஆர்டர் நோட்டில் அவர் எழுதியிருந்த விலாசத்தில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு எதிரே மறைந்து நின்று, அவர் வெளியே போவதைப் பார்த்துவிட்டு, நாலாவது மாடிக்கு ஏறினாள்.

மணி அடித்தாள். பதிலில்லை. மறுபடி அடித்தாள். கைப்பிடியைத் திருகினால் கதவு திறந்துகொண்டது. அதுதான் அவளை உலுக்கியது. பூட்டே போடவில்லை. அவருக்குப் பூட்டு எதற்கு?

கூடம் துடைத்து வைத்தது போலிருந்தது. உள்ளறையில் பீரோக் கதவுகள் இரண்டும் திறந்து கிடந்தன. உள்ளே வெறும் துணிமாட்டிகள். கட்டிலில் ஒரு பெண், கழுத்துவரை ஒட்டுப்போர்வை சுற்றி, சுவரில் சாய்ந்திருந்தாள். மற்ற இரண்டு போர்வைகளும் அவள் காலடியில் ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"நீங்கதானே எக்ஸ்பிரஸ்?" என்றாள் அவள். குரல் கரகரத்தது. "உங்க கைக்கு ஈடில்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. 'அந்தம்மா நாலு நாள்ல முடிச்சிடுவாங்க, அடுத்ததை எடுத்து வை'ம்பாரு. நான் ஒரு போர்வைக்கு ஒரு மாசமாகும்னு கணக்குப் போட்டிருந்தேன். அதுக்குள்ள அக்கா வீட்டுக்குப் போயிடலாம்னு."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் கைகளை எங்கே வைப்பதென்று எக்ஸ்பிரஸுக்குத் தெரியவில்லை.

"எந்திரிங்க. இதைப் போட்டுக்குங்க" என்று பையைக் கவிழ்த்தாள்.

அந்தப் பெண் பாவாடையைத் தொட்டுப் பார்த்தாளே தவிர, அசையவில்லை. "அவருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். நாம அப்ப இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பொத்தான்களை எக்ஸ்பிரஸ்தான் போட்டுவிட்டாள். நாலாவது பொத்தானில் இருக்கும்போது போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, கிளம்பிட்டாரு! உள்துணியைத் திரும்பிக்கூடப் பாக்கல. நீங்க எங்கன்னு கேட்டாரு. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எந்திரிச்சிட்டாரு. ஆட்டோல போயி அஞ்சு நிமிஷமாச்சு, உங்க லைன் இப்பதான் கெடைக்குது."

கடைக்கும் வீட்டுக்கும் ஆட்டோவில் ஆறு நிமிடம். இரண்டு பேரும் வெளியே வந்தபோது லிஃப்ட் கீழிருந்து புறப்படும் சத்தம் கேட்டது. எக்ஸ்பிரஸ் அவள் கையைப் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தைத் தாண்டும்போது மேலே லிஃப்ட் கதவு திறந்தது. பிறகு அந்தப் பஞ்சுக் குரல், கொஞ்சமும் உயராமல், "எங்கம்மா போயிட்ட?" என்றது. அந்தப் பெண்ணின் கால் தானாக நின்றுவிட்டது. பழக்கம். எக்ஸ்பிரஸ் அவளைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டே இறங்கினாள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதுகிறவர் நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார்.

"அடிச்சாரா?"

"இல்ல சார்."

"வீட்டைப் பூட்டி வெச்சாரா?"

"இல்ல."

"பின்ன என்னதான்மா செஞ்சாரு?"

"போர்வை தெச்சுக் குடுத்தாரு" என்றாள் அந்தப் பெண்.

எழுதுகிறவர் பேனாவை மூடினார். பிறகு எக்ஸ்பிரஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி திறந்து ஏதோ எழுதிக்கொண்டார். சாயங்காலம் அக்கா வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாளிலிருந்து கண்ணாடிக்காரர் கடைக்கு எதிர்ச்சாரியில் நிற்க ஆரம்பித்தார். உள்ளே வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. காலை பத்து மணிக்கு வருவார், கடை சாத்தும்வரை நிற்பார். ரோந்து போலீஸ்காரர் விசாரித்தால், யாருக்காகவோ காத்திருப்பதாகச் சொல்வார். எட்டு நாள் அப்படி நின்றார். எக்ஸ்பிரஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்து தைத்தாள். தையல் கோணலாகிப் பிரித்துப் பிரித்துத் தைத்தாள். நாலு நாள் போர்வை எட்டு நாளாகியும் முடியவில்லை. வாடிக்கைக்காரி முணுமுணுத்தாள்.

ஒன்பதாம் நாள் அவர் இல்லை.

"அப்பாடா, சனியன் தொலைஞ்சது" என்று நாத்தனார் பெருமூச்சு விட்டாள். எக்ஸ்பிரஸுக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் பிடித்தது. எதிரே நிற்கிறவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். உடனே அக்காவுக்குப் போன் போட்டாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தது தங்கையே.

"சாமான் கட்டிக்கிட்டு இருக்கோம். இன்னிக்கே வேற இடம் மாறுறோம். இடம் எங்கன்னா..."

"சொல்லாதீங்க" என்றாள் எக்ஸ்பிரஸ். "எங்கிட்டயும் சொல்லாதீங்க. போனை வெச்சிட்டுக் கிளம்புங்க."

அதோடு சரி. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், என்ன போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று எக்ஸ்பிரஸுக்குத் தெரியாது. கண்ணாடிக்காரர் எங்கே என்றும் தெரியாது. வாசலில் யாராவது காலணியைக் கழற்றும் சத்தம் கேட்டால் மட்டும் மிஷினை நிறுத்திவிடுவாள். நாத்தனார் எட்டிப் பார்த்து, "வேற ஆள்தான் அண்ணி" என்று சொன்ன பிறகுதான் கால் மறுபடி மிதிக்கும்.