தோமித்திலாவின் முப்பத்தொரு மாதம்

தோமித்திலா சூனிகா முப்பத்தொரு மாதம் கர்ப்பமாக இருந்தாள். ஒலாஞ்சோ மலையில் அந்த வருடம் மழை பிந்தியது, காப்பிக்கு நல்ல விலை. வீட்டுப் பின்புறத்துத் தியுசிந்தே மரம் விதைக்கூம்பு விட்ட அதே வாரம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஒன்பதாம் மாதம் தொட்டில் கட்டினார்கள். பதினான்காம் மாதம் அவிழ்த்தார்கள். கூம்பு பருத்த வேகத்தில்தான் வயிறும் பருத்தது. மாமியார் பெர்பெத்துவா வேலியோரம் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்: "எம்மவன் ஒரு கழுதையக் கட்டியிருந்தாக்கூட பன்னெண்டு மாசத்துல பேரனப் பாத்திருப்பேன்."

"நீங்கதான் மாமியான்னு தெரிஞ்சா அந்தக் கழுதையும் குட்டி போடாது அத்தே" என்றாள் தோமித்திலா, ரொட்டிக்கு வேகவைத்த தியுசிந்தே கொட்டைகளைச் சாம்பல் தண்ணீரில் அலசிக்கொண்டே.

இருபதாம் மாதத்துக்குப் பிறகு அவள் பதில் பேசுவதை விட்டுவிட்டாள். மரம்தான் பிள்ளையைப் பிடித்துவைத்திருக்கிறது என்று யாரோ சொல்ல, புருஷன் அபெலினோ வெட்டரிவாளோடு கிளம்பினான். அவள் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். மரங்களுக்கு இனம் பிரித்துப் பெயர் எழுதத் தலைநகரிலிருந்து வந்திருந்த ஒருவர் அப்போது அடிமரத்தை நாடாவால் அளந்துகொண்டிருந்தார். பார்த்தால் பனை மாதிரி இருந்தாலும் இது பனை ஜாதி இல்லை, பூ என்று ஒன்று உலகில் உண்டாவதற்கு முந்தைய வம்சம் என்றார். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; இது பெண். வருடத்துக்கு ஒரு விரலளவுகூட உயராது.

"காய் முத்த எவ்வளவு நாளாகுங்க?" என்றான் அபெலினோ.

"ரெண்டரை வருசம்னு வைங்க."

"இப்ப வெட்டுனா?"

"உள்ள வெறும் ஓடுதான் இருக்கும்."

அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

மே மாதம், கூம்பு பிளந்து கொட்டைகள் உதிர்ந்த காலையில், பெண் குழந்தை பிறந்தது. நிகொலாசா என்று பெயரிட்டார்கள். வருடத்துக்கு அரை விரல் வளர்ந்தாள். பேச்சு மட்டும் சீக்கிரம் வந்தது; பாட்டியின் வாய். அந்தப் பாட்டி சாகும்வரை அவளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து முதல் நற்கருணை வாங்கினாள். பாதிரியார் வயதைத்தான் பார்த்தார். பதினெட்டில் தவழ்ந்தாள்.

"நாங்க போனப்புறம் இவள யாரு தூக்குவா?" என்று தோமித்திலா ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கேட்டாள். யாருக்குப் பின் யார் தூக்குவது என்று ஊர் கூடி முறை வைத்துவிட்டது.

நிகொலாசாவுக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. போன வாரம் சுவரைப் பிடிக்காமல் நின்றாள். அடுத்த எண்பது வருடத்துக்கு அவளைத் தூக்க ஆள் இருக்கிறது. அதில் நான்கு பேர் இன்னும் பிறக்கவில்லை.