விறைத்த உதடும் இரண்டேகால் ரயிலும்

ரயில் கார்ட் விவேகானந்தன் புலி என்று நாவலப்பிட்டியில் சொல்வார்கள். அந்த விவேகானந்தன் நான்தான். பல் வைத்தியரின் கதிரையில் மட்டும் நான் பூனை.

முப்பத்துநாலாம் ஆண்டு. உடைந்த என் கடைவாய்ப் பல்லை டொக்டர் வரதராசா ஒரு கிழமைக்கு முன்பே சுற்றிவர அராவி, மெழுகைக் கடிக்கவைத்து அச்செடுத்திருந்தார். அன்று கண்டியில் தங்க மூடியைப் பொருத்துவதுதான் பாக்கி.

"இண்டைக்கு ஊசி தேவையில்லை," என்றார்.

"கட்டாயம் போடுங்கோ டொக்டர்!"

கூட வந்த என் மனைவி தவமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொண்டு மூண்டு மணித்தியாலத்துக்கு விறைச்சுப்போயிருக்கும்," என்றார் டொக்டர், என் உதட்டைக் காட்டி.

"சொண்டாலை எனக்கென்ன வேலை?" என்றேன், பெரிய சண்டியன் போல.

ஊசி போட்டார். மூடியை வைத்து நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார், இடித்த இடத்தை அராவினார், சிமெந்து பூசி அழுத்தினார். வலியே இல்லை. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

இரண்டேகாலுக்குக் கண்டி மேடையில் நாவலப்பிட்டி ரயிலுக்குப் பச்சைக்கொடியை விரித்து, விசிலை வாயில் வைத்து ஊதினேன். புஸ். மறுபடி ஊதினேன். எச்சில்தான் வந்தது. விசில் கேட்காமல் டிரைவர் வண்டியை அசைக்கமாட்டார். பத்து வருடத்தில் ஒரு நிமிடம்கூடப் பிந்தாதவன் நான். அடுத்த மாதம் மெயில் வண்டி எனக்குத்தான் என்று பேச்சு. ஸ்டேசன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் கார்ட் பெட்டிக்குப் பக்கத்துப் பெண்கள் பெட்டியில் ஏறியிருந்த தவமணியின் கை யன்னலால் நீண்டது.

"இஞ்சை தாங்கோ!"

கொடுத்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வெறுங்கையை வாயில் பொத்திக்கொண்டு கொடியை ஆட்டினேன். அடேயப்பா, என்ன ஊதல்! மேடையில் படுத்திருந்த நாய்கள் எழும்பி ஓடின. ரயில் புறப்பட்டது.

பேராதனையிலும் அவள்தான், கெலிஓயாவிலும் அவள்தான். ஒவ்வொரு தரமும் விசில் நீண்டுகொண்டே போனது, அவள் சிரிப்பும். கலியாணமாகி எட்டு வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கம்பளை ஸ்டேசன் மாஸ்டர் முதுகில் தட்டினார். "கார்ட், இண்டைக்குத்தான் உங்கடை விசில் சீராக் கேக்குது!"

நன்றி சொன்னேன். சொல் தெளிவாக வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தேன், நன்றாக வலித்தது.

யன்னலுக்குள் தவமணி விசிலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள்.

"இன்னும் விறைச்சுத்தானோ இருக்கு?"

நான் வாயைக் கோணிக்கொண்டேன்.

"ஓம், கல்லுப்போலை," என்று சொல்லிக் கொடியை உயர்த்தினேன்.